ஜென்டூ: பேக்கேஜ்.யூஸ் 300 வரியைத் தாண்டிவிட்டது, @வேர்ல்ட் அப்டேட் நகரவே மறுக்கிறது. எங்கிருந்து அவிழ்ப்பது?

கேள்வி

வணக்கம். ஜென்டூ லினக்ஸ் (நிரல்களை மூலத்திலிருந்து கம்பைல் செய்து நிறுவும் வகை), ஏஎம்டி64 நிலையான கிளை, 23.0 டெஸ்க்டாப் ப்ரொஃபைல் (ஜென்டூ தரும் இயல்புநிலைத் தொகுப்பு), ஓபன்ஆர்சி (இனிட் அமைப்பு). முழு அப்டேட் ஓடி 5 மாதம் ஆகிறது. சிங்க் முடித்துவிட்டு

எமர்ஜ் --அஸ்க் --வெர்போஸ் --அப்டேட் --டீப் --நியூயூஸ் @வேர்ல்ட்

கொடுத்தால் போர்டேஜ் (ஜென்டூவின் நிரல் மேலாளர், எமர்ஜ் அதன் கட்டளை) கம்பைல் தொடங்கும் முன்பே நின்றுவிடுகிறது. ஒன்றைத் தள்ளிவிட்டால் அடுத்தது வந்து நிற்கிறது. இதுவரை பார்த்தவை:

டெவ்-லிப்ஸ்/ஐசியு (யூனிகோட் லைப்ரரி) ஸ்லாட் மோதல், அதாவது ஒரே இடத்துக்கு இரண்டு பதிப்புகள் போட்டி. புதியது 0/76.1, நிறுவியிருப்பது 0/75.1. பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பதாக ஒரு ஆவணம் பார்க்கும் நிரலைக் காட்டுகிறது. அது ஓர் ஓவர்லேயிலிருந்து (கூடுதலாகச் சேர்க்கும் வெளி ரெப்போ) நிறுவியது. அந்த ஓவர்லே இப்போது கணினியில் இல்லை.

பைத்தான் நிரல்கள் சிலவற்றில் ரிக்வயர்டு_யூஸ் நிறைவேறவில்லை என்கிறது (நிரலின் வசதிகளை ஏற்றி அணைக்கும் யூஸ் ஃப்ளாக்குகள் எப்படிச் சேரலாம் என்ற விதி). பைத்தான்_சிங்கிள்_டார்கெட் 3_12, 3_13 இரண்டில் "சரியாக ஒன்று" இருக்க வேண்டுமாம். மேக்.கான்ஃபில் (பொது அமைப்புக் கோப்பு) பைத்தான்_டார்கெட்ஸ், பைத்தான்_சிங்கிள்_டார்கெட் இரண்டும் 3_12 என்று எழுதியிருக்கிறேன்.

ஒயினுக்காக (விண்டோஸ் நிரல்களை ஓட்டுவது) 32 பிட் லைப்ரரிகளைக் கேட்டதும் எழுத்துரு லைப்ரரிகளான ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுச் சுழல்கின்றன.

நான்காவதுதான் எனக்குப் புரியாதது. குரோமியத்தை நீக்கிய பிறகு, டெவ்-லிப்ஸ்/லிப்எக்ஸ்எம்எல்2-க்கு "-ஐசியு" (ஐசியு ஃப்ளாக் வேண்டாம்) என்று பேக்கேஜ்.யூஸில் (பேக்கேஜ் வாரியாக ஃப்ளாக் எழுதும் இடம்) எழுதினேன். அது எடுபடவே இல்லை. கடைசிக் கோப்பில், கடைசி வரியாக எழுதியும் ஐசியு ஃப்ளாக் ஏறியேதான் வருகிறது.

பேக்கேஜ்.யூஸ் கோப்புறையில் 4 கோப்புகள், மொத்தம் 312 வரி. முக்கால்வாசி ஆட்டோஅன்மாஸ்க் (தேவைப்படும் வரிகளைப் போர்டேஜே எழுதும் வசதி) எழுதியது. வேர்ல்ட் கோப்பில் (நானாகக் கேட்டு நிறுவியவற்றின் பட்டியல்) 190 பெயர்கள் இருக்கின்றன, அவற்றில் பாதி லைப்ரரிகள். மறுபடி நிறுவாமல் இதைச் சீராக்க வழி உண்டா?


பதில் 1

மறுநிறுவல் தேவையே இல்லை. 5 மாத இடைவெளியும் பெரிதல்ல. சிக்கல் அப்டேட்டில் இல்லை, /எட்சி/போர்டேஜில் இருக்கிறது. அந்தக் கோப்புறையில் நீங்களாக முடிவெடுத்தவை மட்டும் இருக்க வேண்டும். டிபென்டென்சி (ஒரு நிரலுக்குத் தேவைப்படும் வேறு நிரல்) கேட்டதால் போர்டேஜ் எழுதியவையும், என்றோ ஒரு நாள் ஒரு பிழையைத் தாண்ட எழுதியவையும் அவற்றோடு கலந்துவிட்டால், போர்டேஜுக்கு எல்லாமே உங்கள் கட்டளைதான். மீற முடியாமல் நிற்கிறது.

எதைத் தொடும் முன்பும் ஒரு நகல் எடுங்கள். /எட்சி/போர்டேஜுக்குள்ளேயே கிட் (மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) தொடங்கிவிடுவது இன்னும் நல்லது. புள்ளியில் தொடங்கும் பெயர்களை பேக்கேஜ்.யூஸ் போன்ற கோப்புறைகளுக்குள் போர்டேஜ் படிப்பதில்லை. மேல்மட்டத்தில் .கிட் இருப்பதாலும் ஒன்றும் கெடாது.

ஐசியுவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தச் செய்தியைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஸ்லாட் மோதல்கள் பயமுறுத்தாது. ஸ்லாட்டில் சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் 76.1 சப்ஸ்லாட். ஈஏபிஐ (ஈபில்ட் எழுதும் விதிமுறை) 5-இல் வந்த வசதி இது. ஒரு நிரலின் ஈபில்டில் (அதை எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் கோப்பு) டிபென்டென்சி ":=" என்று முடிந்தால், கம்பைல் ஆகும் நேரத்தில் இருந்த சப்ஸ்லாட்டை போர்டேஜ் /வார்/டிபி/பிகேஜி பதிவில் ":0/75.1=" என்று உறைய வைத்துவிடும். ஐசியு 76-க்கு ஏறும்போது இப்படிப் பிணைந்தவை எல்லாம் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். பட்டியலில் அவை சிறிய ஆர், பெரிய ஆர் சேர்ந்து "ஆர்ஆர்" என்று தெரியும். வழக்கமாக இது தானாக நடந்துவிடும்.

உங்களுக்கு நடக்காததற்குக் காரணம் செய்தியிலேயே இருக்கிறது. அந்த ஆவண நிரலின் ஈபில்ட் எந்த ரெப்போவிலும் இல்லை. மறுபடி கம்பைல் செய்ய ஈபில்ட் வேண்டும். அது இல்லாதபோது போர்டேஜுக்கு இரண்டே வழி: அந்த நிரலை உடைக்க வேண்டும், இல்லையென்றால் ஐசியுவை 75-இலேயே வைத்திருக்க வேண்டும். இரண்டையும் அது தானாகச் செய்யாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஓவர்லேயைத் திரும்பச் சேருங்கள், அல்லது நிரலை நீக்குங்கள்:

எமர்ஜ் --டீசெலக்ட் அந்த-வகை/அந்த-நிரல்
எமர்ஜ் --அஸ்க் --டெப்க்ளீன் அந்த-வகை/அந்த-நிரல்

டிபென்டென்சி கணக்கு முழுமையாக இல்லை என்று டெப்க்ளீன் (யாருக்கும் தேவைப்படாதவற்றை நீக்கும் கட்டளை) மறுக்கலாம், உங்கள் நிலையில் அதற்கு வாய்ப்பு அதிகம். அப்போது மட்டும் --அன்மெர்ஜ் பயன்படுத்துங்கள். அதுவும் இதைப்போல வேறெதுவும் சார்ந்திராத கடைக்கோடி நிரலுக்கு மட்டும். --அன்மெர்ஜ் யார் யார் சார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமலே பிடுங்கிவிடும். பைத்தான், ஜிலிப்சி, ஜிசிசி பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

பொதுவாக ஒரு ஸ்லாட் மோதலைப் பார்க்கும்போது புதிய பதிப்பைக் கேட்பவர்களை விட்டுவிட்டு, "நிறுவப்பட்டது" என்று குறித்த பழைய பதிப்பைப் பிடித்திருப்பவர்களை முதலில் பாருங்கள். பட்டியல் சுருக்கமாக வந்தால் --வெர்போஸ்-கான்ஃப்ளிக்ட்ஸ் சேர்த்தால் முழுவதும் தெரியும். பிடித்திருப்பவர் ஏன் நகரவில்லை என்பதற்குக் காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஈபில்ட் போய்விட்டது, புதிய பதிப்பு ~ஏஎம்டி64-இல் (நிலையற்ற கிளை) மட்டும் இருக்கிறது, பேக்கேஜ்.மாஸ்கில் நீங்களே பூட்டி வைத்தீர்கள். அல்லது --டீப் கொடுக்காததால் அது கணக்கிலேயே வரவில்லை. --பேக்ட்ராக் எண்ணை (எத்தனை முறை பின்வாங்கி வேறு வழி தேடுவது) 100, 200 என்று ஏற்றச் சொல்வார்கள். தீர்வு இருந்து, போர்டேஜ் பாதியில் தேடலை நிறுத்திவிட்ட இடங்களில் அது உதவும். பெர்ல் பெரிய பதிப்பு மாறும்போது வர்ச்சுவல்/பெர்ல் பெயர்கள் பக்கம் பக்கமாக வருமே, அங்கே உண்மையாகவே வேலை செய்யும். ஈபில்டே இல்லாத உங்கள் இடத்தில் எவ்வளவு ஏற்றினாலும் கிடைப்பது காத்திருப்பு மட்டும்தான்.

வேர்ல்ட் கோப்பு. 190 பெயர் என்பது --ஒன்ஷாட் (வேர்ல்டில் பெயர் சேர்க்காமல் நிறுவுவது) இல்லாமல் லைப்ரரிகளைத் தனித்தனியாக எமர்ஜ் செய்ததன் தழும்பு. /வார்/லிப்/போர்டேஜ்/வேர்ல்டில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் "இது எனக்கு வேண்டும்" என்ற உறுதிமொழி. யாருக்கும் தேவைப்படாமல் போன லைப்ரரியும் அங்கே பெயர் இருக்கும்வரை டெப்க்ளீனில் போகாது; அதனுடைய டிபென்டென்சிகளும் போகாது. கோப்பைத் திறந்து மேலிருந்து கீழே படியுங்கள். பெயரைப் பார்த்ததும் "இதை நான் இயக்குகிறேன்" என்று சொல்ல முடியாத எல்லாவற்றையும் --டீசெலக்ட் செய்யலாம். டீசெலக்ட் எதையும் அழிக்காது, பெயரை மட்டும் எடுக்கும். வேறு நிரலுக்குத் தேவையென்றால் லைப்ரரி அப்படியே இருக்கும். சந்தேகமுள்ள பெயருக்கு

எமர்ஜ் --ப்ரிடென்ட் --வெர்போஸ் --டெப்க்ளீன் டெவ்-லிப்ஸ்/பெயர்

கொடுத்தால் யார் அதைச் சார்ந்திருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லும்.

ஸ்லாட்டோடு சேர்த்து எழுதிய பெயர்களைத் தனியாகத் தேடுங்கள். "டெவ்-லாங்/பைத்தான்:3.12" மாதிரி ஒரு வரி இருந்தால், எல்லாரும் 3.13-க்குப் போன பிறகும் 3.12 உங்கள் வட்டை விட்டு இறங்காது.


பதில் 2

லிப்எக்ஸ்எம்எல்2 புதிருக்கு நான் பதில் சொல்கிறேன். பலரை இது மணிக்கணக்கில் சுற்ற வைத்திருக்கிறது.

பேக்கேஜ்.யூஸில் கடைசி வரிதான் வெல்லும் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான இரு வரிகளுக்கு அது சரி. ஆனால் அதற்கு முன்பே போர்டேஜ் வேறொன்றைப் பார்க்கிறது: எந்த வரி அதிகக் குறிப்பாகச் சொல்கிறது என்பது. பொதுவான வரி முதலிலும் குறிப்பான வரி பிறகும் ஏறும், கோப்பில் எங்கே எழுதியிருந்தாலும் சரி. மிகப் பொதுவானது */*. அடுத்தது வெறும் பெயர். அதற்கு மேல் >=, <= போன்ற பதிப்பு எல்லை. அதற்கும் மேல் பெயரோடு ஸ்லாட். பிறகு நட்சத்திரத்தோடு முடியும் =, அதற்கு மேல் ~, எல்லாவற்றுக்கும் மேல் முழுப் பதிப்போடு =.

இப்போது உங்கள் கோப்புகளில் க்ரெப் (சொல் தேடும் கட்டளை) போட்டுப் பாருங்கள். இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும்:

# ரிக்வயர்டு பை டபிள்யூடபிள்யூடபிள்யூ-க்ளையன்ட்/குரோமியம்
>=டெவ்-லிப்ஸ்/லிப்எக்ஸ்எம்எல்2-2.10.3 ஐசியு

ஆட்டோஅன்மாஸ்க் பெரும்பாலும் >= போட்டுத்தான் எழுதும். நீங்கள் எழுதியதோ வெறும் பெயர். ஆகவே குரோமியம் போய் எத்தனை மாதம் ஆனாலும் அதன் வரிதான் உங்கள் வரியை மீறி நிற்கும். அந்தப் பழைய வரியை அழித்துவிட்டு

எமர்ஜ் --ப்ரிடென்ட் --வெர்போஸ் --ஒன்ஷாட் டெவ்-லிப்ஸ்/லிப்எக்ஸ்எம்எல்2

கொடுங்கள். "-ஐசியு*" என்று தெரிந்தால் சரியாகிவிட்டது. நட்சத்திரம் என்றால் கடைசியாக நிறுவியபோது இருந்த நிலையிலிருந்து மாறுகிறது என்று பொருள். சதவீதக் குறி இருந்தால் அந்த ஃப்ளாக் ஈபில்டுக்கே புதிதாக வந்தது அல்லது அதிலிருந்து போனது. அடைப்புக்குறிக்குள் இருந்தால் ப்ரொஃபைல் அதைக் கட்டாயமாக்கியோ தடுத்தோ வைத்திருக்கிறது, பேக்கேஜ்.யூஸில் என்ன எழுதினாலும் மாறாது. இந்த மூன்று குறிகளையும் பார்க்கப் பழகுங்கள். போர்டேஜோடு நடக்கும் வாக்குவாதத்தில் பாதி குறைந்துவிடும்.

இனி 312 வரி. ஒவ்வொன்றாக யோசித்து அழிக்க உட்காராதீர்கள். எது தேவை என்று போர்டேஜையே சொல்ல வையுங்கள். அமைப்பைத் தொடாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: /எட்சி/போர்டேஜை /டெம்ப்/சோதனை/எட்சி/போர்டேஜ் என்று நகலெடுங்கள். நகலில் பேக்கேஜ்.யூஸைக் காலி செய்யுங்கள். பிறகு

போர்டேஜ்_கான்ஃபிக்ரூட்=/டெம்ப்/சோதனை எமர்ஜ் --ப்ரிடென்ட் --வெர்போஸ் --அப்டேட் --டீப் --நியூயூஸ் @வேர்ல்ட்

இது அமைப்புக் கோப்புகளை மட்டும் நகலிலிருந்து எடுக்கும். நிறுவியவை பற்றிய பதிவையும் வேர்ல்டையும் உண்மையான இடத்திலிருந்தே படிக்கும். இங்கே எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: மேக்.ப்ரொஃபைல் ஒரு சிம்லிங்க் (வேறிடத்தைக் காட்டும் இணைப்பு), அதுவும் "../../வார்/டிபி/ரெப்போஸ்/..." என்று சார்புப் பாதையில் இருக்கும். நகலில் அது வெட்டவெளியைக் காட்டும், ப்ரொஃபைல் சரியில்லை என்று எமர்ஜ் நின்றுவிடும். நகலில் அந்த லிங்க்கை முழுப் பாதையோடு மறுபடி உருவாக்குங்கள்.

வரும் வெளியீட்டில் இரண்டு விஷயம் கிடைக்கும். எந்த டிபென்டென்சிக்கு எந்த ஃப்ளாக் உண்மையில் வேண்டும் என்று போர்டேஜ் தன் பங்குக்குப் பட்டியல் தரும். ஃப்ளாக் மாறுவதால் எவை மறுபடி கம்பைல் ஆகும் என்பது நட்சத்திரங்களில் தெரியும். முதல் பட்டியலை ஒரு கோப்பில் வையுங்கள். இரண்டாவதில், "இது இல்லாமல் போனால் எனக்கு ஒரு வசதி போகும்" என்று சொல்ல முடிகிற வரிகளை மட்டும் பழைய கோப்பிலிருந்து எடுங்கள். மற்ற எதையும் எடுக்காதீர்கள். ப்ரொஃபைலும் ஈபில்டும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

கோப்புகளைக் காரணத்தின் பெயரில் பிரிப்பது நல்லது. ஒயின் கேட்டவை "ஒயின்" என்ற கோப்பில் இருந்தால், ஒயினை நீக்கும் நாளில் கோப்பையும் நீக்கிவிடலாம். ஆட்டோஅன்மாஸ்க் ரைட், கோப்புறையில் அகரவரிசைப்படி கடைசியாக வரும் கோப்பில்தான் எழுதும். "இசட்இசட்-ஆட்டோ" என்று ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி வைத்தால் எல்லாம் அங்கே போய்ச் சேரும், உங்கள் கையெழுத்தோடு கலக்காது. டிஸ்பேட்ச்-கான்ஃப் (அமைப்புக் கோப்பு மாற்றங்களைக் காட்டி ஏற்கும் கருவி) ஓட்டி ஏற்றுக்கொண்ட பிறகு அங்கேயே விட்டுவிடாமல், காரணம் தெரிந்த வரிகளை உரிய கோப்புக்கு மாற்றுங்கள். மாற்றும்போது >= பகுதியை எடுத்துவிடுங்கள்.

ஈஐஎக்ஸ் (பேக்கேஜ் தேடும் கருவி) நிறுவியிருந்தால், ஈஐஎக்ஸ்-அப்டேட் ஓட்டிவிட்டு ஈஐஎக்ஸ்-டெஸ்ட்-ஆப்சலீட் ஓட்டுங்கள். எந்தப் பேக்கேஜோடும் பொருந்தாத வரிகள், தேவையற்றுப்போன வரிகள், ரெப்போவில் இல்லாத நிறுவல்கள் எல்லாம் வெளியே வரும். உங்கள் ஆவண நிரல் அதில் முதலிலேயே சிக்கியிருக்கும்.

யூஸ் வரியில் "-*" போட்டு எல்லாவற்றையும் வெறுமையாக்கி ஆரம்பி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ப்ரொஃபைல் தரும் இயல்புநிலையும், ஈபில்ட் எழுதியவர் "+" போட்டு வைத்த இயல்புநிலையும் சேர்ந்து போய்விடும். பிறகு 312 வரி 900 ஆகும்.


கேட்டவர்

மிக்க நன்றி. சிம்லிங்க் விஷயம் சொல்லாவிட்டால் அங்கேயே நின்றிருப்பேன். ஆவண நிரலை நீக்கியதும் ஐசியு மோதல் போய்விட்டது. பேக்கேஜ்.யூஸ் இப்போது 41 வரி. லிப்எக்ஸ்எம்எல்2-வில் "-ஐசியு*" தெரிகிறது.

பைத்தானும் ஃப்ரீடைப்பும் பாக்கி. இன்னொன்று: பேக்கேஜ்.அக்செப்ட்_கீவேர்ட்ஸிலும் (நிலையற்ற பதிப்புகளை அனுமதிக்கும் இடம்) இதே மாதிரி 60 வரி இருக்கிறது. எல்லாமே ">=" அல்லது பதிப்பே இல்லாமல் ~ஏஎம்டி64. அதையும் இதே முறையில் காலி செய்யலாமா?


பதில் 3

கீவேர்ட்ஸைக் காலி செய்யாதீர்கள், பொறுங்கள். முதலில் பைத்தான்.

பைத்தான்_டார்கெட்ஸும் சிங்கிள்_டார்கெட்டும் யூஸ்_எக்ஸ்பாண்ட் மாறிகள், உள்ளே அவையும் யூஸ் ஃப்ளாக்தான். மேக்.கான்ஃபில் எழுதும்போது ப்ரொஃபைலின் மதிப்பை மொத்தமாக மூடிவிடுகிறீர்கள். ஜென்டூ இயல்புநிலையை 3_13-க்கு மாற்றியபோது உங்கள் கணினி 3_12-இலேயே நின்றது அதனால்தான். பிறகு ஏதோ ஒரு நிரல் 3_13 கேட்டிருக்கும். ஆட்டோஅன்மாஸ்க் அந்த நிரலுக்கு மட்டும் "பைத்தான்_சிங்கிள்_டார்கெட்_பைத்தான்3_13" என்று சேர்த்திருக்கும். சேர்த்தது, ஆனால் 3_12-ஐ அணைக்கவில்லை. இரண்டும் எரிகின்றன, "சரியாக ஒன்று" என்ற விதி உடைகிறது. உங்கள் பிழைச் செய்தி அதுதான்.

மேக்.கான்ஃபில் இருக்கும் இரண்டு வரிகளையும் எடுத்துவிடுங்கள். மீதமிருக்கும் 41 வரியிலும் "பைத்தான்_" என்று க்ரெப் போட்டு வருவதையெல்லாம் அழியுங்கள். தனித்தனி நிரலுக்குப் பைத்தான் டார்கெட் எழுதும் தேவை மிக அரிது. அதன்பின் ப்ரொஃபைலின் இயல்புநிலையோடு அப்டேட் ஓடினால் போதும்.

ஒரே அடியில் மாறுவது முட்டிக்கொண்டால், அல்லது பாதியில் நின்றாலும் நிரல்கள் வேலை செய்ய வேண்டுமென்றால், மூன்று படியாகப் போங்கள். பேக்கேஜ்.யூஸில் ஒரு தற்காலிகக் கோப்பு:

*/* பைத்தான்_டார்கெட்ஸ்: -* பைத்தான்3_12 பைத்தான்3_13
*/* பைத்தான்_சிங்கிள்_டார்கெட்: -* பைத்தான்3_12

இதோடு முழு அப்டேட். இப்போது லைப்ரரிகள் எல்லாம் இரண்டு பைத்தானுக்கும் இருக்கும். அடுத்து சிங்கிள்_டார்கெட்டை 3_13 ஆக்கி மறுபடி அப்டேட். கடைசியாக முதல் வரியிலிருந்து 3_12-ஐ எடுத்து அப்டேட், பிறகு டெப்க்ளீன், பிறகு அந்தக் கோப்பையே நீக்குவது. கம்பைல் நேரம் கூடும், ஆனால் எந்த இடத்தில் மின்சாரம் போனாலும் உடையாது. "-*" இங்கே அந்த ஒரு மாறியைத்தான் வெறுமையாக்குகிறது. மேலே நண்பர் எச்சரித்த "-*" வேறு.

போர்டேஜே பைத்தானில் எழுதியது என்பதை மறக்க வேண்டாம். போர்டேஜ் 3_13-க்குக் கம்பைல் ஆகும் முன்பு 3.12-ஐக் கையால் பிடுங்கினால் எமர்ஜே ஓடாது. டெப்க்ளீன் வழியாகப் போனால் இந்த ஆபத்து வராது.

சுழல். ஃப்ரீடைப்பில் ஹார்ஃப்பஸ் ஃப்ளாக் இருந்தால் அதற்கு ஹார்ஃப்பஸ் வேண்டும். ஹார்ஃப்பஸில் ட்ரூடைப் ஃப்ளாக் இருந்தால் அதற்கு ஃப்ரீடைப் வேண்டும். 64 பிட்டில் இரண்டும் ஏற்கெனவே இருப்பதால் இதுவரை தெரியவில்லை. இப்போது ஏபிஐ_எக்ஸ்86_32 (32 பிட் வடிவத்துக்கான ஃப்ளாக்) கேட்டதும், 32 பிட் வடிவம் இரண்டிலும் இல்லை, இரண்டும் மற்றது முதலில் வரட்டும் என்று நிற்கின்றன. செய்தியின் அடியில் போர்டேஜே ஒரு வழி சொல்லியிருக்கும்: ஃப்ரீடைப்பில் "-ஹார்ஃப்பஸ்". நிறுவிய பிறகு மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடலாம் என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் "-ஹார்ஃப்பஸ்" வரியைப் பேக்கேஜ்.யூஸில் எழுதி நிரந்தரமாக்கிவிடுகிறார்கள். எழுதாதீர்கள். ஒரே ஒரு முறைக்குச் சூழல் மாறியில் கொடுங்கள்:

யூஸ்="-ஹார்ஃப்பஸ்" எமர்ஜ் --அஸ்க் --ஒன்ஷாட் மீடியா-லிப்ஸ்/ஃப்ரீடைப்

சூழல் மாறியில் வரும் யூஸ், பேக்கேஜ்.யூஸையும் மீறும். வேறு எந்த நேரத்திலும் இதைக் கெட்ட பழக்கம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் எங்கும் பதிவாகாது, அடுத்த அப்டேட்டில் காரணம் தெரியாமல் மாறிப்போகும். இங்கே நமக்கு வேண்டியதே அதுதான். ஃப்ரீடைப் 32 பிட்டோடு ஏறிவிடும், அதன்பின் வழக்கமான @வேர்ல்ட் அப்டேட்டில் ஹார்ஃப்பஸ் ஏறும், --நியூயூஸ் இருப்பதால் ஃப்ரீடைப் இன்னொரு முறை முழு ஃப்ளாக்கோடு கம்பைல் ஆகும். --அஸ்க் காட்டும் பட்டியலில் ஃப்ரீடைப் தவிர வேறெதிலாவது "-ஹார்ஃப்பஸ்*" தெரிந்தால் "வேண்டாம்" சொல்லிவிட்டு யோசியுங்கள். மாறி அந்த ஓட்டத்தில் வரும் எல்லாப் பேக்கேஜுக்கும் பொருந்தும்.

புதிய நிறுவலில் பட லைப்ரரிகளான டிஃப், லிப்வெப்பி இரண்டும் இதே ஆட்டம் ஆடும். அதற்கும் இதே மருந்து: ஒரு முறை "-வெப்பி" போட்டு டிஃப்.

32 பிட் வரிகள் அத்தனையும் ஒயினுக்கு மட்டும்தான் என்றால், ஒயின் ஈபில்டின் டபிள்யூஓடபிள்யூ64 ஃப்ளாக்கை ஒருமுறை பாருங்கள். அது 32 பிட் விண்டோஸ் நிரல்களை 64 பிட் லைப்ரரிகள் வழியாகவே ஓட்டும். ஏபிஐ_எக்ஸ்86_32 வரிகள் பெரும்பாலும் தேவைப்படாது, இந்தச் சுழலும் வராது. எல்லா விளையாட்டுக்கும் பழைய முறை அளவுக்கு வேகம் கிடைக்காது. அலுவல் நிரல்கள்தான் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.


பதில் 4

கீவேர்ட்ஸ் பற்றி. யூஸ் ஃப்ளாக் தப்பாகப் போனால் மறுபடி கம்பைல் செய்தால் சரியாகிவிடும். கீவேர்ட் அப்படியல்ல. ஒரு வரியை எடுத்தால் போர்டேஜ் அந்தப் பேக்கேஜை நிலையான பதிப்புக்கு இறக்கப் பார்க்கும். பட்டியலில் யு-வோடு டி சேர்ந்து வரும். சாதாரண நிரலுக்கு இறங்குவதால் பாதகமில்லை. தரவு வடிவத்தை மாற்றும் நிரல்களில், உதாரணமாகத் தரவுத்தளம், புதிய பதிப்பு எழுதியதைப் பழையது படிக்காமல் போகலாம். ஜிலிப்சியை இறக்கவே முடியாது, ஈபில்டே மறுத்துவிடும். மறுப்பது சரிதான்: மற்ற நிரல்கள் எல்லாம் புதிய ஜிலிப்சியோடு இணைந்திருக்கும்.

முதலில் 60 வரிகளில் எவை இன்னும் வேலை செய்கின்றன என்று பாருங்கள். ஈஐஎக்ஸ்-டெஸ்ட்-ஆப்சலீட் இங்கேயும் உதவும். நிலையான கிளை ஏற்கெனவே அந்தப் பதிப்பை எட்டியிருந்தால் அந்த வரியை அழிப்பதால் எதுவும் இறங்காது. 5 மாதத்தில் பாதிக்குமேல் அப்படித்தான் இருக்கும். மீதியை இப்படி மாற்றுங்கள்: இப்போது நிறுவியிருக்கும் பதிப்பைப் பார்த்து,

~வகை/பெயர்-2.4.1 ~ஏஎம்டி64

முன்னால் இருக்கும் ~ குறிக்கு, அந்தப் பதிப்பின் எந்த ரிவிஷனும் சரி என்று பொருள். 2.4.1-ஆர்1 என்று பாதுகாப்புத் திருத்தம் வந்தால் வரும், 2.5 வராது. "=" போட்டால் திருத்தமும் வராது. ">=" போட்டால் நிலையற்ற கிளையை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்வீர்கள், ஒவ்வொரு புதிய பதிப்பும் தன் டிபென்டென்சிகளுக்கு இன்னும் சில கீவேர்ட் வரிகளைக் கேட்கும். உங்கள் 60 இப்படித்தான் வளர்ந்திருக்கும். "~" வரி நிலையான கிளை அங்கே வந்து சேர்ந்ததும் தானாகப் பயனற்றுப் போகும், அடுத்த சுத்தத்தில் அழிக்கலாம்.

9999 பதிப்புகள் (மூலக் களஞ்சியத்திலிருந்து நேரே எடுப்பவை) இருந்தால் அவை வேறு கதை. கீவேர்டே இல்லாதவை, அவற்றுக்கு "**" வேண்டும். பதிப்பு எண் மாறாததால் சாதாரண அப்டேட்டில் புதுப்பிக்கவும் படாது. எமர்ஜ் @லைவ்-ரீபில்ட் தனியாக ஓட்ட வேண்டும்.

பேக்கேஜ்.அன்மாஸ்கில் ஏதாவது இருந்தால், அழிப்பதற்கு முன் /வார்/டிபி/ரெப்போஸ்/ஜென்டூ/ப்ரொஃபைல்ஸ்/பேக்கேஜ்.மாஸ்கைத் திறந்து அந்தப் பெயருக்கு மேலே எழுதியிருக்கும் காரணத்தைப் படியுங்கள். மாஸ்க் போட்டவர் தேதியும் காரணமும் எழுதியிருப்பார். "30 நாளில் நீக்கப்படும்" என்று இருந்தால் நீங்கள் மாற்று தேட வேண்டிய நேரம் அது. இல்லையென்றால் இன்னும் 5 மாதத்தில் ஈபில்ட் இல்லாத ஐசியு மோதல் திரும்ப வரும்.

பெரிய அப்டேட் ஓடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. குரோமியம், க்யூட்வெப்எஞ்ஜின் மாதிரி நிரல்கள் கம்பைல் நடுவே எந்தப் பிழையும் சொல்லாமல் "கில்டு" என்று விழுந்தால், அது நினைவகப் பற்றாக்குறை. ஒரு ஜாபுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் கம்பைல் வேலைகளில் ஒன்று) 2 ஜிபி என்று கணக்கு வையுங்கள்: 16 ஜிபி கணினியில் -ஜே8-க்கு மேல் வேண்டாம். எல்லாவற்றுக்கும் குறைக்காமல், /எட்சி/போர்டேஜ்/என்வ்/குறைவு.கான்ஃப் என்று ஒரு கோப்பில் மேக்ஆப்ட்ஸ்="-ஜே4" எழுதி, பேக்கேஜ்.என்வ்-இல்

டெவ்-க்யூட்/க்யூட்வெப்எஞ்ஜின் குறைவு.கான்ஃப்

என்று அந்த ஒன்றுக்கு மட்டும் கட்டுங்கள். /வார்/டெம்ப்/போர்டேஜ் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் (நினைவகத்திலேயே இருக்கும் கோப்பு அமைப்பு) இருந்தால், அதே கோப்பில் போர்டேஜ்_டெம்ப்டிரை வட்டிலுள்ள ஒரு கோப்புறைக்கு மாற்றுங்கள்.


கேட்டவர்

கீவேர்ட்ஸ் 60-இல் 37 வரி தானாகவே பயனற்றவை என்று தெரிந்தது, அழித்துவிட்டேன். எதுவும் இறங்கவில்லை. ஃப்ரீடைப் தனியாக ஏறியது, அதன்பின் சுழல் இல்லை. பைத்தானில் மேக்.கான்ஃப் வரிகளை எடுத்ததும் நேராகவே ஓடியது, மூன்று படி தேவைப்படவில்லை. இப்போது 214 பேக்கேஜ் பட்டியலில் நிற்கிறது. இத்தனையையும் கம்பைல் செய்யத்தான் வேண்டுமா? பைனரி ஹோஸ்ட்டை (முன்பே கம்பைல் செய்தவற்றைத் தரும் சர்வர்) இடையில் கலக்கலாமா?


பதில் 2

கலக்கலாம். 2023 டிசம்பர் கடைசியில் ஜென்டூ அதிகாரபூர்வ பைனரி பேக்கேஜ்களை ஏஎம்டி64-க்கு விரிவாக்கியதிலிருந்து இது வழக்கமான பாதைதான். /எட்சி/போர்டேஜ்/பின்ரெப்போஸ்.கான்ஃப் சரியாக இருக்கிறதா பாருங்கள், கையொப்பச் சாவிகளுக்கு ஒருமுறை கெட்யூட்டோ ஓட்டுங்கள், பிறகு அதே கட்டளையில் --கெட்பின்பிகேஜி, --பின்பிகேஜி-ரெஸ்பெக்ட்-யூஸ்=ஒய் இரண்டையும் சேருங்கள். உங்கள் ஃப்ளாக்குகளோடு பொருந்துபவை பைனரியாக இறங்கும், பொருந்தாதவை மூலத்திலிருந்து கம்பைல் ஆகும். பட்டியலில் "ஈபில்ட்" என்ற இடத்தில் "பைனரி" என்று ஊதா நிறத்தில் தெரியும்.

312 வரியோடு இதைச் செய்திருந்தால் பெரும்பாலானவை பொருந்தாமல் கம்பைலுக்கே போயிருக்கும். 41 வரியோடு, ப்ரொஃபைலுக்கு அருகில் இருப்பதால், கணிசமானவை பைனரியாகவே வரும். லிப்எக்ஸ்எம்எல்2-வில் "-ஐசியு" வைத்திருப்பது அந்தப் பேக்கேஜைக் கட்டாயம் கம்பைலுக்குத் தள்ளலாம். சின்னப் பேக்கேஜ்தான், விட்டுவிடுங்கள்.

முடிந்ததும் வரிசை இது: டிஸ்பேட்ச்-கான்ஃப், எமர்ஜ் @ப்ரிசர்வ்ட்-ரீபில்ட் (பழைய லைப்ரரிகளோடு இன்னும் இணைந்திருப்பவற்றை மறுபடி கம்பைல் செய்வது), பிறகு எமர்ஜ் --ப்ரிடென்ட் --டெப்க்ளீன். டெப்க்ளீன் பட்டியலை முழுவதும் படித்த பிறகே ப்ரிடென்ட்டை எடுங்கள். வேர்ல்டிலிருந்து இத்தனை பெயரை நீக்கியிருப்பதால் இந்த முறை பட்டியல் நீளமாக இருக்கும், நீங்கள் தினமும் திறக்கும் நிரல் ஒன்று அதில் இருக்கவும் கூடும். இருந்தால்

எமர்ஜ் --நோரீப்ளேஸ் வகை/பெயர்

கொடுத்தால் கம்பைல் இல்லாமல் பெயர் மட்டும் வேர்ல்டில் ஏறும்.